ஐந்நூறு அடியில் கரையும் பசுமை

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கிறேன். திருக்கோவிலூர் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் நிலம். அப்பா இருபத்தைந்து ஆண்டுகளாகக் கரும்புதான் போடுகிறார். திறந்த கிணற்றில் ஐப்பசியிலிருந்து மாசி வரைதான் தண்ணீர் நிற்கிறது. இரண்டு ஆழ்துளைக் கிணறுகளில் ஒன்று வற்றிவிட்டது. மற்றொன்றில் கோடை வந்தால் நீர்மட்டம் முந்நூறு அடிக்கு இறங்கிவிடுகிறது. மூன்றாவதாக எழுநூறு அடியில் ஒன்று போட வேண்டும், நாலரை லட்சம் அனுப்பு என்கிறார். நான் தயங்கினால், "உன் வண்டியில் ஓடுவது என் கரும்புதான். பெட்ரோலை எரிப்பதைவிட இது பூமிக்கு நல்லது என்று சர்க்காரே சொல்கிறது" என்று வாயை அடைக்கிறார். ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று படித்ததைச் சொன்னேன், சிரித்தார். எரிபொருளுக்காகக் கரும்பு வளர்ப்பது உண்மையிலேயே சுற்றுச்சூழலுக்கு உகந்ததா? பணம் அனுப்பலாமா?

பதில்: பணம் அனுப்ப வேண்டாம். அந்த நாலரை லட்சத்தில் ஒரு பகுதி வேறொரு வேலைக்குத் தேவைப்படும். அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் "இணையத்தில் படித்தேன், கரும்பு தண்ணீர்க் கொள்ளைக்காரன்" என்று சொல்லி மறுக்காதீர்கள். உங்கள் அப்பா சிரித்ததில் நியாயம் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்க் கரும்பு போடச் சொன்னவன் நான். நானும் அந்த எண்ணைக் கேட்டு முதலில் சிரிக்கத்தான் செய்தேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் சிரிப்பு நின்றது.

முதலில் அப்பா பக்கத்து நியாயம். கரும்பு வளரும்போது காற்றிலிருந்து இழுத்த கரியமில வாயுவைத்தான் எத்தனால் எரியும்போது திருப்பிக் கொடுக்கிறது. பெட்ரோல் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த கரியை வெளியே கொட்டுகிறது. இதோடு இன்னொரு பெரிய வசதியும் உண்டு: ஆலையை ஓட்டக் கரும்பே எரிபொருள் தருகிறது. சாறு பிழிந்த சக்கையை எரித்துத்தான் கொதிகலன் ஓடுகிறது. மிச்ச மின்சாரம் மின்வாரியத்துக்கும் போகிறது. மக்காச்சோளத்துக்கு இந்த வசதி கிடையாது. அதை நொதிக்க வைத்துக் காய்ச்சி வடிக்க நிலக்கரியோ உமியோ வெளியிலிருந்து வாங்கி எரிக்க வேண்டும். ஆகவே எரிபொருளுக்கென்றே ஒரு பயிரைத் தேர்ந்தெடு என்றால் கரும்பைக் குறை சொல்வது எளிதல்ல.

ஆனால் "உன் வண்டியில் ஓடுவது என் கரும்புதான்" என்று அவர் மார்தட்டுவதைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். பெட்ரோலில் 5 விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் 2003-ல் ஒன்பது மாநிலங்களில் தொடங்கியது. பத்தாண்டு கழித்தும் 2013-14-ல் கலப்பு 1.53 விழுக்காடுதான். 2018-ல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வந்த பிறகே வேகம் பிடித்தது. 2022-ல் 10 விழுக்காடு. 2030-க்கு வைத்திருந்த 20 விழுக்காடு இலக்கை முன்னுக்கு இழுத்து 2025-லேயே எட்டிவிட்டார்கள். இந்த வேகத்துக்குக் கரும்பால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2023-ல் மழை பொய்த்து, சர்க்கரை விலை ஏறிவிடுமோ என்ற பயம் வந்ததும், அந்த டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து நேரடியாக எத்தனால் எடுக்க மத்திய அரசு தடை போட்டது. பின்பு அளவு வைத்துத் தளர்த்தி, அடுத்த ஆண்டில் முழுதும் விலக்கியது. அந்த இடைவெளியில் மக்காச்சோளமும் அரிசியும் உள்ளே புகுந்துவிட்டன. இன்று கலக்கப்படும் எத்தனாலில் பெரும்பங்கு தானியத்திலிருந்து வருகிறது. கரும்பின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. கோழித்தீவன விலை ஏன் இப்படி ஏறியது என்று நாமக்கல் பண்ணையாளர்களைக் கேட்டால் இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

போதாததற்குக் கரும்பிலிருந்து எத்தனால் வரும் வழியும் ஒன்றல்ல. சர்க்கரை முழுவதையும் எடுத்துவிட்ட பிறகு மிஞ்சும் மொலாசஸிலிருந்து எடுத்தால் ஒரு டன் கரும்புக்குப் பத்து, பன்னிரண்டு லிட்டர். சர்க்கரையைக் கொஞ்சம் விட்டுவைத்து 'பி-ஹெவி' மொலாசஸிலிருந்து எடுத்தால் இருபது லிட்டரளவு. சாற்றை அப்படியே நொதிக்க வைத்தால் எழுபது. முதல் வழியில் வருவது சர்க்கரைக்காக வளர்த்த பயிரின் மிச்சம். அதற்காக யாரும் கூடுதலாக ஒரு கரணை (விதைக்கரும்புத் துண்டு) நடவில்லை, ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாக இறைக்கவில்லை. அந்த எத்தனாலைப் பசுமை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. தமிழ்நாட்டு ஆலைகளின் மொலாசஸில் கணிசமான பங்கு நெடுங்காலமாகச் சாராய ஆலைகளுக்குப் போய்வந்திருக்கிறது. எனவே உங்கள் அப்பாவின் கரும்பு உங்கள் வண்டியில் ஓடியிருக்கலாம். மதுக்கடை வாசலில் தள்ளாடியும் இருக்கலாம்.

கேள்வி எழுவது மூன்றாவது வழியில்தான்: எரிபொருளுக்கென்றே கரும்பு போடுவதில். இதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் பிரேசிலைக் காட்டுவார்கள். எண்ணெய் விலை ஏற்றத்தில் அடிபட்டு 1975-ல் அந்த நாடு எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. 2003 முதல் பெட்ரோல், எத்தனால் எதை ஊற்றினாலும் ஓடும் கார்கள் அங்கே வந்துவிட்டன; 2025 ஆகஸ்டிலிருந்து அவர்களுடைய சாதாரணப் பெட்ரோலிலேயே 30 விழுக்காடு எத்தனால். ஒரு பங்கு புதைபடிவ எரிபொருளைச் செலவழித்து எட்டு, ஒன்பது பங்கு ஆற்றலை எடுப்பதாக அங்குள்ள ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தக் கணக்கை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அது சாவோ பாவ்லோ மாநிலத்துக் கணக்கு. அங்கே பெரும்பாலான கரும்பு மழையிலேயே விளைகிறது. ஒருமுறை நட்டால் ஐந்தாறு வெட்டு எடுக்கிறார்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) நாம் போடுவதில் பாதிகூடப் போடுவதில்லை. எத்தனால் வடித்தபின் மிஞ்சும் கழிவு நீர் அப்படியே வயலுக்குத் திரும்புகிறது, அதிலுள்ள பொட்டாஷ் உரமாகிவிடுகிறது. அங்கேயும் புண் இல்லாமலில்லை. கரும்பு வந்த இடத்திலிருந்து மேய்ச்சல் நிலம் காட்டை நோக்கித் தள்ளப்படுகிறது என்ற வாதம் இன்னும் முடியவில்லை. தோட்டத்துக்குத் தீ வைத்து வெட்டும் பழக்கத்தைப் படிப்படியாக நிறுத்த 2002-ல் சாவோ பாவ்லோ தனியாகச் சட்டமே போட வேண்டியிருந்தது. என்றாலும் அவர்கள் தண்ணீர் இறைப்பதில்லை. பிரேசிலின் கணக்கை எடுத்துக் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒட்டுவது, மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்து ராமநாதபுரத்தில் நாற்று விடுவது போன்றது.

இனி நீங்கள் படித்த 2,860. அது 2021-ல் மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையிலேயே உள்ள எண். கரும்பை எதிர்ப்பவர்கள் புனைந்ததல்ல. 'சர்க்காரே சொல்கிறது' என்று அப்பாவிடம் நீங்களும் சொல்லிக்கொள்ளலாம். ஒரு கிலோ சர்க்கரை விளைய 1,600 முதல் 2,000 லிட்டர் தண்ணீர். ஒரு டன் கரும்பில் 100 கிலோ சர்க்கரை அல்லது 70 லிட்டர் எத்தனால். 2,000-ஐ 100-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 2,860 வந்துவிடும். கணக்குச் சரி. ஆனால் அந்தப் பானையில் மழைநீரும் ஆற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. வானத்திலிருந்து விழும் நீரைக் கரும்பு குடித்தால் என்ன, களை குடித்தால் என்ன? கேட்க வேண்டியது எத்தனை லிட்டர் என்பதோடு, எங்கிருந்து வந்த லிட்டர் என்பதையும்தான். அப்பா சிரித்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். அவருக்குத் தெரியும், தன் வயலில் மழையும் பெய்கிறது என்று.

உங்கள் நிலத்துக்கே கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கர், நாற்பது டன் மகசூல், சாறு முழுவதும் எத்தனாலுக்கு என்று வைத்துக்கொள்வோம். 2,800 லிட்டர் கிடைக்கும். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான் (புதுப் பெட்ரோல் போட்டபிறகு மைலேஜ் குறைந்துவிட்டது என்று வண்டிக்காரர்கள் புலம்புவது கற்பனையல்ல; மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கே கலந்திருப்பதால் இழப்பு சிறியது, ஆனால் இழப்பு இழப்புதான்). ஆக 2,800 லிட்டர் எத்தனால் சுமார் 1,850 லிட்டர் பெட்ரோலுக்கு ஈடு. அந்தப் பெட்ரோல் எரிந்திருந்தால் நாலேகால் டன் கரியமில வாயு. எண்ணெய்க் கிணறு தோண்டி, கப்பலில் ஏற்றி, சுத்திகரித்த புகையையும் சேர்த்தால் ஐந்து டன். இந்த ஐந்து டன்தான் கரும்பு நமக்குத் தரும் வரவு.

செலவுக்கு வருவோம். நம் பக்கம் ஏக்கருக்கு 110 கிலோவுக்குக் குறையாமல் தழைச்சத்து போகிறது. யூரியாவாகச் சொன்னால் ஐந்து மூட்டைக்கு மேல். இதில் நூறில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் ஏறும் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு. சிறு பங்குதானே என்று விட முடியாது. கரியமில வாயுவைவிட இருநூற்றெழுபது மடங்கு சூடேற்றும் வாயு அது. ஆக அரை டன் அங்கே போயிற்று. யூரியாவைத் தயாரித்ததில் கால் டன். உழவுக்கும், நாற்பது டன்னை ஆலைக்கு ஏற்றிப்போன லாரிக்கும் டீசல், இன்னொரு கால் டன். மொத்தம் ஒரு டன். கையில் இன்னும் நாலு டன் மிச்சம். இதுவரை அப்பாவே ஜெயிக்கிறார்.

தண்ணீர்க் கணக்கில்தான் ஆட்டம் மாறுகிறது. கரும்புக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் நீர் வேண்டும். உங்கள் பகுதியில் ஆயிரத்தையொட்டி மழை பெய்தாலும், அது ஐப்பசி கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டி ஓடிவிடுவதால் பயிருக்குப் பயன்படுவது அறுநூறு என்று தாராளமாக வைக்கலாம். மீதி 1,400 மில்லிமீட்டரை நீங்கள்தான் இறைக்க வேண்டும். ஏக்கருக்கு 56 லட்சம் லிட்டர். இதை முப்பதடிக் கிணற்றிலிருந்து இறைத்தால் 350 யூனிட் மின்சாரம் போதும். கால் டன் கரியமில வாயு. முந்நூறு அடியிலிருந்து இறைத்தால் 3,500 யூனிட். நம் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது, யூனிட்டுக்கு முக்கால் கிலோவை ஒட்டிக் கரியமில வாயு. அதாவது சுமார் இரண்டரை டன். நாலு டன் மிச்சம் ஒன்றரை டன்னாகச் சுருங்கிவிட்டது. நீர்மட்டம் ஐந்நூறு அடிக்குப் போனால்? நாலு டன்னும் மோட்டாருக்கே போய்விடும். அதற்கும் கீழே இறங்கினால், பெட்ரோலையே ஊற்றி ஓட்டியிருந்தால் பூமிக்குக் கொஞ்சம் குறைவான கேடாக இருந்திருக்கும்.

இது துல்லியமான ஆய்வுக்கூடக் கணக்கல்ல. பம்பின் திறன், மண், மழை எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் அளவு புரிகிறதல்லவா? ஒரே ரகக் கரும்பு, ஒரே ஆலை, ஒரே எத்தனால். வாய்க்கால் பாசனத்தில் விளைந்தால் பசுமை, அறுநூறு அடியிலிருந்து இறைத்து வளர்த்தால் நிலக்கரி. பெட்ரோல் பங்கில் இரண்டும் ஒரே குழாயில்தான் வருகிறது. ஆலையின் எடை மேடையும் இரண்டையும் ஒரே தராசில்தான் நிறுக்கிறது. 2024-25 அரவைப் பருவத்துக்குக் குறைந்த சர்க்கரைக் கட்டுமானம் (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விழுக்காடு) உள்ள கரும்புக்கு மத்திய அரசின் விலை டன்னுக்கு 3,151 ரூபாய், மாநில அரசின் ஊக்கத்தொகை 349, ஆக 3,500. முப்பதடி நீருக்கும் அதே விலை, முந்நூறு அடி நீருக்கும் அதே விலை. இறைக்கும் மின்சாரமும் இலவசம். இப்படியிருக்கும்போது உங்கள் அப்பா மூன்றாவது குழி கேட்காமலிருந்தால்தான் ஆச்சரியம்.

"சூரியசக்தி பம்புசெட் போட்டுவிட்டால் புகை பூஜ்யம்தானே" என்று உங்களுக்கு உடனே தோன்றும். அரசு மானியமும் இருக்கிறது. உண்மை, புகைக் கணக்கு நேராகிவிடும். ஆனால் வெயில் அடிக்கும் நாளெல்லாம் செலவில்லாமல் ஓடும் மோட்டாரை யார் நிறுத்துவார்கள்? உங்கள் ஊர் கடினப்பாறைப் பூமி. அங்கே நிலத்தடி நீர் என்பது ஏரி மாதிரி பரந்து கிடப்பதல்ல, பாறை வெடிப்புகளுக்குள் ஒளிந்திருப்பது. மேலடுக்கு ஒவ்வொரு மழைக்கும் நிறையும். எழுநூறு அடி வெடிப்பில் இருக்கும் நீர் எத்தனை தலைமுறைகளாகச் சேர்ந்ததோ, அதை எடுத்துவிட்டால் அடுத்த ஐப்பசிக்குள் திரும்ப வராது. ஒரு ஏக்கர் கரும்புக்கு இறைக்கும் அந்த 56 லட்சம் லிட்டர், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற குடிநீர்த் திட்ட அளவில் 280 பேருக்கு ஓராண்டுக்குப் போதும். வெள்ளப் பாசனத்தில் ஒரு பகுதி திரும்ப மண்ணுக்குள் இறங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இறங்கும் இடம் மேலடுக்கு, எடுத்த இடம் பாதாளம்.

மகாராஷ்டிரத்தின் லாத்தூரை நினைத்துப் பாருங்கள். 2016 ஏப்ரலில் அந்த நகரத்துக்கு மீரஜிலிருந்து ரயிலில் குடிநீர் போயிற்று. சுற்றுவட்டாரம் முழுக்கக் கரும்புக் காடும் சர்க்கரை ஆலைகளும். வறட்சிக்குக் கரும்பு ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், மழையும் தொடர்ந்து பொய்த்திருந்தது. ஆனால் பூமிக்கடியில் சேமிப்பு இருந்திருந்தால் ரயில் தேவைப்பட்டிருக்காது. தமிழ்நாடும் இந்த அடியை வேறு விதமாக வாங்கியது. 2011-12-ல் இருபது லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை எடுத்த மாநிலம், தொடர்ந்த வறட்சியில் சில ஆண்டுகளிலேயே அதில் பாதிக்கும் கீழே விழுந்தது. நீர் போன இடத்தில் கரும்பும் போய்விடும், எத்தனாலும் போய்விடும்.

ஆலைப் பக்கத்தை அதிகம் பேசப் போவதில்லை. மொலாசஸிலிருந்து ஒரு லிட்டர் வடிக்கும்போது எட்டு முதல் பதினைந்து லிட்டர் வரை கருஞ்சிவப்பான கழிவு நீர் மிஞ்சுகிறது. முன்பு ஓடையில் விட்டார்கள், ஓடை செத்தது. இன்று ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்பது விதி. அதைச் சுண்டவைத்து எரிக்கிறார்கள், சாம்பலிலிருந்து பொட்டாஷ் எடுக்கிறார்கள், பிரஸ்மட்டோடு (சாற்றை வடிகட்டியபின் மிஞ்சும் மண்டி) கலந்து மட்க வைக்கிறார்கள். விதியை மதிக்கும் இடத்தில் இது தீர்க்கக்கூடிய பிரச்சினை. அடிநீரைப் போல் கைமீறிப் போவதல்ல.

இன்னொன்று, நிலம். அந்த நாலு ஏக்கரில் கரும்புக்கு முன்னால் என்ன போட்டீர்கள் என்று அப்பாவைக் கேளுங்கள். வேர்க்கடலை என்பார்; அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். நாம் சாப்பிடும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதில் பெரும்பங்கு இந்தோனேசியா, மலேசியப் பாமாயில், காடழித்து நட்ட தோட்டங்களிலிருந்தும் வருவது. கச்சா எண்ணெயைக் குறைக்கிறேன் என்று கடலை நிலத்தில் கரும்பை நட்டுவிட்டுச் சமையல் எண்ணெயைக் கப்பலில் வரவழைக்கிறோம். இறக்குமதி குறைந்தது என்று சொல்லும்போது இந்தப் பக்கத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். வண்டி ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் ஒரு வேடிக்கைக் கணக்கும் உண்டு. ஒரு ஏக்கர் கரும்பின் எத்தனாலில் ஒரு கார் ஆண்டுக்கு 28,000 கிலோமீட்டர் ஓடும். அதே ஒரு ஏக்கரில் சூரியத் தகடு பரப்பினால் வரும் மூன்று லட்சம் யூனிட்டில் மின்சாரக் கார் 20 லட்சம் கிலோமீட்டர் ஓடும். விளைநிலத்தில் தகடு பரப்பச் சொல்லி இதைச் சொல்லவில்லை. தரிசும் கூரையும் நிறையக் கிடக்கும்போது, வண்டிக்காக விளைநிலத்தையும் அடிநீரையும் கொடுப்பதற்கு வலுவான காரணம் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, அப்பா என்ன செய்வது? கரும்பை அடியோடு விடச் சொன்னால் அவர் கேட்க மாட்டார், கேட்கவும் தேவையில்லை. நட்டு ஊன்றியபின் வெட்டு வரை கரும்பு வேலையாள் குறைவாகக் கேட்கும் பயிர். வெட்டு உத்தரவு தாமதமானாலும் ஆலை கட்டாயம் எடுத்துக்கொள்ளும். வேர்க்கடலைக்கு அந்த உறுதி இல்லை. அறுபது வயதுக்கு மேல் ஒருவர் எந்தத் துணிவில் பயிரை மாற்றுவார் என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு கேட்பது எளிது. ஆகவே ஒரு பகுதியை மட்டும் மாற்றலாம். இப்போது நிற்கும் பயிரை வெட்டட்டும், மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் பயிர்) இருந்தால் அதையும் எடுக்கட்டும். அதன்பின் இருக்கும் ஆழ்துளைக் கிணறும் திறந்த கிணறும் எவ்வளவுக்குத் தாங்குமோ அவ்வளவுக்கு மட்டும் கரும்பு. என் மதிப்பில் ஒரு ஏக்கர், நல்ல மழை வருடத்தில் ஒன்றரை. ஆலையின் கரும்பு அலுவலரிடம் பதிவுப் பரப்பைக் குறைப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பின்னால் மனக்கசப்பு வராது.

அந்த ஒரு ஏக்கரை மார்கழி, தை முன்பட்டத்தில் நடட்டும். கோடையைத் தாங்கும் அளவுக்கு வேர் இறங்கிவிடும். கரணையாக நடாமல் ஒரு பரு நாற்றாக, ஐந்தடிப் பார் விட்டு நட்டால் ஏக்கருக்கு ஐயாயிரம் நாற்று போதும். நடுவில் முதல் மூன்று மாதம் உளுந்தோ பச்சைப்பயறோ வரும். யூரியாவில் ஒரு மூட்டையையாவது குறைக்கலாம். ரகம் பற்றிக் கவலை வேண்டாம், அவர் வைத்திருப்பது அனேகமாகக் கோ 86032 தான். கோயம்புத்தூரில் 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் தந்த ரகம், வறட்சியை ஓரளவு பொறுக்கும். அந்த நிலையத்தின் முதல் வெற்றியே ஆற்றங்கரையில் முளைக்கும் பேய்க்கரும்பை நல்ல கரும்போடு சேர்த்ததில்தான் வந்தது. யாரும் இறைக்காமல் தானே வளர்ந்த புல்லின் பிடிவாதம் நம் கரும்புக்குள் கொஞ்சம் இன்னும் இருக்கிறது. அதை நம்பிப் பாசன இடைவெளியை இரண்டு நாள் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெட்டு முடிந்ததும் சோகைக்கு (கரும்பின் காய்ந்த தோகைக்கு) தீ வைக்கக்கூடாது. இதில் மட்டும் நான் கறார். ஏக்கருக்கு மூன்று, நாலு டன் சோகை. தூளாக்கிப் பரப்பினால் மறுதாம்புக்கு மண் ஈரம் நிற்கும், களை அடங்கும். எலி வரும், கட்டையில் பூச்சி வரும் என்பார். கொஞ்சம் வரத்தான் செய்யும்.

மீதி மூன்று ஏக்கர் திறந்த கிணற்றின் காலண்டருக்குக் கட்டுப்படட்டும். ஐப்பசி மழையில் உளுந்து அல்லது கம்பு, மார்கழிப் பட்டத்தில் வேர்க்கடலை. கடலைக்குக் கரும்பின் நீரில் கால்பங்கு போதும், மாசிக் கடைசியில் கிணறு வற்றும்போது பயிர் அறுவடையை நெருங்கியிருக்கும். பக்கத்திலேயே திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, விதைக்கு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். முதல் வருடம் கரும்பைவிடக் கையில் குறைவாகத்தான் நிற்கும். அந்த வித்தியாசத்தை நீங்கள் கொடுங்கள். நாலரை லட்சத்தில் ஒரு பகுதி இதற்குத்தான் என்று முதலில் சொன்னேன். குழியில் போட்டால் தண்ணீர் வருமா என்பதே சூதாட்டம். இதில் அந்த ஆபத்தில்லை.

கரும்பு ஏக்கருக்குச் சொட்டுநீர். இறைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகும். ஆனால் ஓர் எச்சரிக்கை. சொட்டுநீர் போட்ட பலர், மிச்சமான தண்ணீரில் இன்னொரு ஏக்கர் கரும்பு நட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நிலத்தடி நீருக்கு ஒரு பைசாவும் லாபமில்லை. மிச்சம் கிணற்றிலேயே இருக்க வேண்டும் என்று அப்பாவிடம் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஐந்து ஏக்கருக்குள் என்பதால் உங்களுக்கு முழு மானியம் கிடைக்கும். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கும் சிறு, குறு விவசாயிச் சான்றிதழ் ஆகியவற்றோடு வட்டார வேளாண்மை அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். சான்றிதழ் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம். மார்கழி நடவுக்குக் குழாய் கிடக்க வேண்டுமென்றால் ஆவணியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.